குறை எதுவும் சொல்லவில்லை

பெண்கள் வார்டு, தர்மபுரி ஆஸ்பத்திரி,
22-8-1970

மதிப்பிற்குரிய சிப்பாய் திரு. சென்னப்பன் அவர்களுக்கு,

நர்ஸ் சுல்தானா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கு எல்லோரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம். தாயை இழந்து ஐம்பது நாள்கூட ஆகாத ஒருவருக்கு அப்படி எழுதக் கை தயங்குகிறது. உங்கள் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன்.

"பெண்கள் வார்டு நர்சு அம்மா" என்று மட்டும் விலாசம் போட்டு நீங்கள் அனுப்பிய கடிதம், எட்டு நாள் ஆபீஸ் மேஜையில் கிடந்துவிட்டு என்னிடம் வந்தது. ஜூலை ஒன்பதாம் தேதி மாலை டியூட்டியில் இருந்தவள் நான் என்பதால் பதிலும் நானே எழுத வேண்டும் என்று கொடுத்துவிட்டார்கள். தந்தி உங்கள் மலை முகாமுக்கு வந்து சேரவே ஆறு நாள் ஆனது என்றும், லீவு கிடைக்காமல் அங்கேயே மொட்டை அடித்துக்கொண்டீர்கள் என்றும் படித்தபோது மனம் கஷ்டப்பட்டது.

நீங்கள் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று. உங்கள் மனைவி தீர்த்தம்மாள் கொடுத்த காபியால்தான் அம்மாவின் உயிர் போனதா? உங்கள் அண்ணன் தர்மன் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அவளை இண்டூரில் உள்ள தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஊரில் பத்துப் பேரைக் கூட்டி வைத்து உறவைத் தீர்த்துவிடலாம் என்கிறார்கள், ஆஸ்பத்திரிக் குறிப்பில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். "ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க, எழுத்துப் பொய் சொல்லாதுங்க" என்ற உங்கள் வரியை இரண்டு தடவை படித்தேன்.

ஆகவே எழுத்தில் உள்ளதை உள்ளபடி தருகிறேன். மாதம்மாள், வயது ஐம்பத்தெட்டு, மாரண்டஹள்ளி பக்கத்துக் கிராமம். வாந்தி பேதி என்று ஜூலை ஏழாம் தேதி சேர்க்கப்பட்டார். ஒன்பதாம் தேதி பகல் இரண்டு மணிக்குப் புதிய சலைன் பாட்டில் ஏற்றப்பட்டது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மணிகளில் பார்த்தபோது நிமிடத்துக்கு இருபது சொட்டு வீதம் இறங்கியது. நான்கு மணிக்குக் காய்ச்சல் இல்லை, நாடி சீராக இருந்தது, மூச்சு நிமிடத்துக்கு இருபது. நோயாளி நலம். குறை எதுவும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு உறவினர் காபி கொடுத்தார். ஐந்து இருபதுக்கு மூச்சுத் திணறல். டாக்டர் வந்து பார்த்தார். ஐந்து ஐம்பதுக்கு உயிர் பிரிந்தது. காபி மூச்சுக்குழாயில் புகுந்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். உங்கள் மனைவியைப் பற்றி நான் சொல்ல வேறு எதுவும் இல்லை. அம்மாவின் ஆத்மா சாந்தி அடையவும், உங்களுக்கு மனத் தைரியம் கிடைக்கவும் இறைவனை வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சுல்தானா, ஸ்டாஃப் நர்ஸ்


நர்ஸ் குவார்ட்டர்ஸ்,
19-9-1970

சகோதரர் சென்னப்பன் அவர்களுக்கு,

சுல்தானா எழுதுவது. உங்கள் பதில் நேற்று முன்தினம் கிடைத்தது. இந்தத் தடவை "அக்கா" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். "எங்கம்மா கடைசி நாள்ல கஷ்டப்படாம இருந்தாங்கன்னு உங்க கடுதாசியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேங்க, மனசு ஆறிச்சு, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை அண்ணனுக்கே அனுப்பிவிட்டதாகவும், ஊர்க்கூட்டத்தில் அதை வைத்தே பேசிக்கொள்ளட்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோடிப் புண்ணியம் வாங்கிக்கொள்ளும் ஆள் நான் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தாளைப் பற்றி. நீங்கள் பட்டாளத்தில் இருப்பவர். தாளில் ஒன்று எழுதியிருந்தால் அது நடந்திருக்கும் என்று நம்புகிறவர். எங்கள் வார்டை நீங்கள் பார்த்ததில்லை. முப்பது கட்டில், தரையில் பாய் போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர், மாலையில் ஒரே ஒரு நர்ஸ். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு அட்டை தொங்கும். காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றுக்கும் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். அளந்து பார்த்துப் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்க்க வேண்டும். ஹெட் நர்ஸ் சுற்றி வரும்போது பார்ப்பது, கட்டம் எதுவும் காலியாக இருக்கிறதா என்பதைத்தான். காலியாக இருந்தால் எல்லோர் முன்னாலும் திட்டு விழும். வைத்த புள்ளி நிஜமா என்று நான் வந்த இந்த நான்கு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அதனால் என்ன செய்வோம் தெரியுமா? டியூட்டிக்கு வந்ததும் அட்டைகளை எல்லாம் மேஜைக்கு அள்ளிக்கொண்டு வந்து, பேனாவைத் திறந்து, வரிசையாக எல்லோருக்கும் புள்ளி வைத்துவிடுவோம். இரண்டு மணிக்கே ஆறு மணி வரைக்கும் வேலை முடிந்துவிடும். "புள்ளி வெச்சாச்சா?" என்பதுதான் எங்களுக்குள் விசாரிப்பு. "கோலம் போட்டாச்சு" என்று பதில் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஜூலை ஐந்தாம் தேதி வார்டில் இருந்த ஒரே தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடைந்தது. புதியது பதினான்காம் தேதிதான் வந்தது. அந்த நாட்களிலும் ஒரு வேளை விடாமல் எங்கள் அட்டைகளில் காய்ச்சல் அளந்த புள்ளி இருக்கிறது. உங்கள் அம்மாவின் அட்டையிலும் இருக்கிறது. காய்ச்சல் இல்லை என்று போன கடிதத்தில் உங்களுக்கு எழுதினேனே, அதை எதை வைத்து அளந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க உங்களுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.

இனி ஒன்பதாம் தேதி. டாக்டர் காலையிலேயே இரண்டு விஷயம் எழுதி வைத்திருந்தார். அம்மாவுக்கு இதயம் பலவீனம், பாட்டில் மெதுவாகத்தான் இறங்க வேண்டும், இரவு பத்து மணி வரை ஓட வேண்டும் என்பது ஒன்று. மூச்சு வாங்கினால் உடனே தன்னைக் கூப்பிட வேண்டும் என்பது மற்றொன்று. அவர் குவார்ட்டர்ஸ் வார்டிலிருந்து ஐம்பது அடி தூரம்கூட இல்லை. இரண்டு மணிக்கு நான் பாட்டிலை மாற்றினேன். கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணினேன். இருபதுதான் இருந்தது. அது ஒன்றுதான் அன்று நான் நிஜமாகப் பார்த்து எழுதியது.

பிறகு மேஜையில் உட்கார்ந்து மூன்று, நான்கு, ஐந்து மணிக் கட்டங்களிலும் இருபது, இருபது என்று போட்டேன். நான்கு மணிக்கு எழுத வேண்டிய குறிப்பையும் அப்போதே எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதுவோம். இரண்டே சொல், படிக்காத ஆயாவுக்குக்கூட மனப்பாடம். தமிழில் சொன்னால், குறை எதுவும் சொல்லவில்லை. எழுதி முடித்தபோது மணி இரண்டே கால். உங்கள் அம்மா குறை சொல்வதற்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.

நான்கு மணி இருக்கும். தீர்த்தம்மாள் பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உசிரு பர்த்தில்லா" என்றார். மூன்று தடவை சொன்னார். எனக்கு ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில் கடற்கரைப் பக்கம். இங்கே வந்து வீட்டை வூடு என்று சொல்லப் பழகிக்கொண்டேனே தவிர, உங்கள் பக்கத்துக் கன்னடம் எனக்குப் பிடிபடவில்லை. கன்னடம் பேசும் நோயாளி என்றால் ஆயா சின்னம்மாள்தான் வந்து எனக்குச் சொல்லுவாள். அன்று அவள் லீவு. என் காதில் விழுந்தது உசிரு என்ற சொல்லும், இல்லை என்பது போன்ற ஒரு சத்தமும்தான். உசிரே இல்லை என்று அலுத்துக்கொள்கிறார் போலிருக்கிறது, வயசானவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். "உசிரெல்லாம் எங்கேயும் போகாது, பேசாம படுங்க" என்று சொல்லி, முந்தானையை விடுவித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அதை நினைக்கும்போதுதான் தாங்கவில்லை.

ஐந்து மணிக்குத் தீர்த்தம்மாள் காபியோடு வந்ததும், சூடாக இரண்டு வாய் கொடுத்ததும் உண்மை. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எல்லாம் முடிந்து கையிலிருந்து ஊசியைக் கழற்றும்போது பார்த்தேன், பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. இரவு பத்து மணி வரை ஓட வேண்டிய பாட்டில் சாயங்காலமே காலி. கட்டிலை யாரோ நகர்த்தியபோது குழாய்க் கிளிப் தளர்ந்திருக்கும். அவ்வளவு தண்ணீரும் கடகடவென்று அந்தப் பலவீனமான உடம்பில் இறங்கியிருக்கிறது. டாக்டர் அட்டையைப் புரட்டினார். சொட்டு இருபது, நோயாளி நலம், குறை இல்லை, காபி. பாட்டிலைப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அதை நான் அதற்குள் மேஜைக்கு அடியில் தள்ளியிருந்தேன். வேண்டும் என்று தள்ளினேனா, பழக்கத்தில் தள்ளினேனா என்று என்னையே பல நாள் கேட்டுவிட்டேன். வேண்டும் என்றுதான்.

அன்று நான் எழுத்துப் பிசகாமல் எழுதிய தாள் ஒன்றும் உண்டு. உங்கள் அம்மாவின் சாமான் பட்டியல். பித்தளைச் சொம்பு ஒன்று, விளிம்பு நசுங்கியது. சிவப்புக் கரைச் சேலை இரண்டு. சுருக்குப் பை ஒன்று. அதற்குள் பட்டாளத்திலிருந்து வந்த இன்லண்ட் கடிதம் ஒன்று, மடிப்பு கிழிந்தது. சாமான் குறைந்தால் யாராவது கேட்பார்கள் என்று தெரியும், அதனால் சரியாக எழுதினேன்.

போன வாரம், பத்தாம் தேதி, தீர்த்தம்மாள் வார்டுக்கு வந்தாள். இண்டூரிலிருந்து நடந்தே வந்திருப்பாள் போலிருக்கிறது, முழங்கால் வரை புழுதி. சண்டை போட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டது, அத்தையைப் பற்றி நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல வேண்டும் என்பது. "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. எங்க மச்சாண்டாரு, ஆசுபத்திரி நோட்டுலயே இல்லாத மூச்சு உனக்கு மட்டும் எங்கிருந்துடி கேட்டுச்சுங்கறாருங்க" என்று உங்கள் அண்ணன் கேட்டதைச் சொன்னாள். என்ன மூச்சு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். "நான் காப்பி வாங்கப் போறப்பவே அத்தை 'உசிரு பர்த்தில்லா, உசிரு பர்த்தில்லா'ன்னாங்க நர்சம்மா. கன்னடத்துல உசிருன்னா மூச்சுங்க. மூச்சு வரலைன்னு அர்த்தம். நம்ம சொல்ற உசிரு இல்லீங்க. கண்ணாலம் ஆகி வந்த புதுசுல நானும் அப்படித்தான் பயந்துக்குவேன். பக்கத்துல நர்சம்மா இருக்காங்க, அவங்ககிட்டச் சொல்லுங்க அத்தைன்னு சொல்லிட்டுத்தானுங்க போனேன். அவங்க உங்ககிட்டச் சொல்லலைங்களா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

சொல்லவில்லை என்று சொன்னேன்.

அந்த ஒரு சொல்லுக்கு அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டு, "அப்ப எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கும்போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் படியிறங்கும் வரை நான் அதே இடத்தில் நின்றேன். கூப்பிடவில்லை.

சகோதரரே, இப்போது உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்குக் காபி கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே மூச்சு வரவில்லை. அதை அவர் தன் வாயால் என்னிடம் மூன்று தடவை சொன்னார். நான் டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் கெடுத்தது நான். தீர்த்தம்மாள் செய்ததெல்லாம், தொண்டை காய்ந்து தவித்த மாமியாருக்குச் சூடாக ஏதாவது கொண்டுவந்தது. அவள் சொன்னது முழுக்க உண்மை. நான் எழுதியது முழுக்கப் பொய்.

இதை எழுதும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வாப்பா இல்லை. உம்மாவும் கல்யாணத்துக்கு நிற்கும் தங்கையும் என்னை நம்பித்தான் இருக்கிறார்கள். பெண்பிள்ளையை நர்ஸ் வேலைக்கு அனுப்புவதா என்று ஊரில் ஏசியவர்களுக்கு நடுவில் உம்மா என்னை அனுப்பி வைத்தாள். இந்தக் கடிதம் யார் கையில் கிடைத்தாலும் என் வேலை போய்விடும். போகட்டும். ஊர்க்கூட்டம் கூடுவதற்குள் இது உங்கள் கையில் கிடைக்க வேண்டும். நாளை காலையிலேயே தபாலில் சேர்த்துவிடுவேன்.

மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வராத,
சுல்தானா


நர்ஸ் குவார்ட்டர்ஸ்,
6-12-1970, ஞாயிறு, மாலை மூன்று மணி

தம்பி சென்னப்பனுக்கு,

இத்துடன் உள்ள கடிதத்தின் தேதியைப் பாருங்கள். நாளைக் காலையிலேயே சேர்த்துவிடுவேன் என்று முடித்திருக்கிறேன். அதுவும் புள்ளி வைத்த கதைதான். எழுதி ஒட்டி, டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இரண்டரை மாதம் அங்கேயே கிடந்தது. தினமும் டியூட்டிக்குப் போனேன், வந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் உங்கள் ஊரில் கூட்டம் கூடியது. சின்னம்மாளின் அக்காளை உங்கள் பக்கத்துக் கிராமத்தில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது, அவள் மூலம் தெரிந்தது. உங்கள் அண்ணன் என் முதல் கடிதத்தை எழுந்து நின்று படித்தாராம். நோயாளி நலம், குறை எதுவும் சொல்லவில்லை என்ற இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்களாம். "நர்சம்மாவே கைப்பட எழுதியிருக்குது, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்" என்று ஒரு பெரியவர் சொன்னாராம். நீங்கள் தை மாதம் லீவில் வரும் வரை இருக்கட்டும், வந்ததும் உங்கள் வாயால் ஒரு சொல் கேட்டுத் தீர்த்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சின்னம்மாள் இதை ஊர்க்கதை போலச் சொல்லிக்கொண்டே துணி மடித்தாள். எழுதியவள் எதிரில்தான் நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. ரிக்கார்டு ரூம் மாயவனிடம் ஒரு சந்தேகம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அம்மாவின் தாள்களை வாங்கினேன். பழைய எழுத்தைச் சுரண்டவில்லை, மை ஊற்றி மறைக்கவில்லை. படித்தால் தெரியும்படி நடுவில் ஒரே கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் நடந்ததை எழுதினேன். நான்கு மணிக்கு நோயாளி மூச்சு வரவில்லை என்று மூன்று முறை சொன்னார், நர்ஸுக்கு மொழி புரியவில்லை, டாக்டருக்குத் தெரிவிக்கவில்லை, சொட்டு எண்ணவில்லை, பாட்டில் குறித்த நேரத்துக்கு முன்பே காலியாகிவிட்டது. எழுதிய தேதி, மணி, கையெழுத்து எல்லாம் போட்டேன். அதன் நகலைக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டர் மேஜையில் வைத்தேன்.

இப்போது எனக்கு மெமோ வந்திருக்கிறது. முடிந்துபோன கேஸ் தாளை அனுமதி இல்லாமல் திருத்தினேன் என்பது குற்றச்சாட்டு. பொய் எழுதியதற்கு இதுவரை யாரும் மெமோ கொடுக்கவில்லை. ஹெட் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "செத்தவங்க திரும்பி வரப்போறாங்களா? உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்றார். திட்டவில்லை, இரக்கப்பட்டுத்தான் கேட்டார். செத்தவர் வரமாட்டார், இருக்கிறவள் ஒருத்தி இண்டூரில் இருக்கிறாள் என்று நான் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

இன்று எனக்கு வார லீவு. காலையில் பஸ் ஏறி இண்டூர் போனேன். தீர்த்தம்மாள் யாருடைய கொல்லையிலோ கூலிக்கு அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று அவளைக் கூப்பிட்டேன். அன்று நீ கேட்டதற்கு நான் பொய் சொன்னேன், உன் அத்தை என்னிடம் சொன்னார், எனக்குத்தான் புரியவில்லை என்று சொன்னேன். இவ்வளவையும் பஸ்ஸில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். நேரில் எல்லாம் மறந்துபோய் இரண்டே வரியில் முடிந்துவிட்டது.

அவள் கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப அத்தை நெசமாத்தான் சொன்னாங்களா? நான் கேட்டது சரிதானுங்களா?" என்றாள். சரிதான் என்றேன். "நானே இல்லாததை இட்டுக்கட்டிக்கிட்டனோன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேனுங்க. எல்லாரும் சொன்னாங்களா, எனக்கே என் காது மேல நம்பிக்கை போயிருச்சு" என்றாள். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். மாமியாருக்காகவா, தனக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சாலில் இருந்த பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

கிளம்பும்போது, உன் வீட்டுக்காரருக்கு எழுதப் போகிறேன், நீ என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க" என்றாள். ஏதாவது குறை இருந்தால் சொல் என்றேன். "குறை என்னங்க இருக்குது. அவரு நல்லா இருந்தாச் சரி" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கொல்லைக்குள் இறங்கிவிட்டாள்.

தம்பி, அவள் குறை எதுவும் சொல்லவில்லை. ஆனால் அப்படி எழுதி இந்தத் தாளை மூடிவிட என் கைக்கு இனி வராது. இந்தத் தடவை நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். காலை பதினோரு மணி. ஜூலையில் பார்த்த உடம்பில் பாதிதான் இருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் குழி விழுந்திருக்கிறது. கால் வெடித்து இரத்தம் கசிந்து காய்ந்திருக்கிறது. ரவிக்கைத் தோளில் இரண்டு இடத்தில் ஒட்டு. தாலிக் கயிற்றில் புதிதாக மஞ்சள் தேய்த்திருக்கிறாள். உங்கள் பேச்சை நான் எடுத்தபோது கையில் இருந்த அவரைக்காய் நழுவி விழுந்தது, அதை எடுக்கவே இல்லை. இவை எல்லாம் நான் நின்று பார்த்தவை. ஒன்றுகூட மேஜையில் உட்கார்ந்து எழுதியது இல்லை.

என்னைப் பற்றி நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் எழுதலாம். அடித்துத் திருத்திய தாளின் நகலும் இத்துடன் இருக்கிறது, என் கையெழுத்தோடு. ஊர்க்கூட்டத்தில் முதல் கடிதத்தைப் படித்தது போலவே இதையும் எழுந்து நின்று படிக்கச் சொல்லுங்கள். வேலை இருந்தாலும் போனாலும், கூப்பிட்டால் நானே வந்து அங்கே சொல்லுவேன். எனக்கு மன்னிப்பு வேண்டும் என்று கேட்க மாட்டேன். அக்கா என்று இனி எழுதவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தை மாதம் லீவில் வரும்போது, தர்மபுரியில் இறங்கியதும் மாரண்டஹள்ளி பஸ் நிற்கும் பக்கம் போகாதீர்கள். முதலில் இண்டூர் பஸ்ஸில் ஏறுங்கள். அவள் தானாக ஒன்றும் சொல்ல மாட்டாள். முந்தானையைப் பிடித்து இழுக்கவும் அவளுக்குத் தெரியாது. நீங்கள்தான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

ஆண்டவன் உங்களை உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும். இதை நாளைக்கு என்று வைக்கப்போவதில்லை. மணி இப்போது மூன்றே முக்கால். ரயிலடியில் நாலரை மணிக்குத் தபால் எடுப்பார்கள். பூட்டைத் திறந்து, பெட்டியிலிருந்த கடிதத்தையும் எடுத்துவிட்டேன். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

சுல்தானா